நம்ம ஊர் செயலி, ஓப்பன் சோர்ஸ், பொது விதி: மூன்றும் ஒன்றா? தென்காசியில் இருந்து ஒரு விளக்கம்

குற்றாலம் சீசனில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் ரம்புட்டான், மங்குஸ்தான் விற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சாரலில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு க்யூஆர் அட்டை தொங்கும். வாங்குகிறவர் போனில் இருப்பது கூகுள் பே. கடைக்காரர் வைத்திருப்பது போன்பே. இவருக்குக் கணக்கு ஒரு வங்கியில், அவருக்கு இன்னொரு வங்கியில். ஆனாலும் பணம் சில நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. "உங்ககிட்ட என்ன ஆப் இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை.

அதே கடைக்காரருக்கு அதே போனில் இருந்து ஒரு மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் இருந்து அரட்டைக்குப் போகாது. அரட்டையில் இருந்து டெலிகிராமுக்குப் போகாது. பணத்தையே அனுப்ப முடிகிறது, ஒரு 'வணக்கம்' அனுப்ப முடியவில்லை. ஏன்?

குற்றாலத்தில் இருந்து அதிக தூரம் இல்லாத மத்தளம்பாறை என்ற கிராமத்தில் இருந்து வேலை செய்யும் ஒரு பொறியாளர், 2025 செப்டம்பர் கடைசியில் இந்தக் கேள்வியைப் பொதுவெளியில் எழுப்பினார். அவர் ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு. ஜோஹோவின் அரட்டை செயலியை நாடே தரவிறக்கிக்கொண்டிருந்த நேரம் அது. மெசேஜ் செயலிகளும் யூபிஐ போல, இமெயில் போல ஒன்றோடொன்று பேச வேண்டும். இந்தத் துறையில் ஏகபோகம் யாருக்கும் கூடாது, ஜோஹோவுக்கும் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். யூபிஐயின் தொழில்நுட்ப வேலையில் பங்காற்றிய ஐஸ்பிரிட் அமைப்பின் ஷரத் சர்மாவுடன் இதற்காகப் பேச்சைத் தொடங்கியிருப்பதாகவும் தெரிவித்தார்.

அந்த நாள்களில் சமூக ஊடகங்களில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்து பேசப்பட்டன. 'இது நம்ம ஊர் ஆப்.' 'இது ஓப்பன் சோர்ஸா?' 'இது எல்லா ஆப்களோடும் பேசுமா?' மூன்றும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் மூன்றும் தனித்தனி விஷயங்கள். ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடாது. இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் எந்தச் செயலியை எதற்கு நம்பலாம் என்று முடிவெடுக்க முடியும்.

யார் இந்தப் பொறியாளர்?

ஸ்ரீதர் வேம்பு 1989-ல் சென்னை ஐஐடியில் படிப்பை முடித்தவர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, குவால்காமில் வேலை பார்த்தார். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் சகோதரர்கள், நண்பர்களோடு தொடங்கிய நிறுவனம், 2009-ல் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது.

தென்காசிக்கு ஜோஹோ வந்தது 2011-ல். அப்போது தென்காசி தனி மாவட்டம்கூட இல்லை. திருநெல்வேலியில் இருந்து பிரிந்தது 2019 நவம்பரில்தான். சின்ன அலுவலகமாகத் தொடங்கியது வளர்ந்தது. உலகம் முழுக்க வாடிக்கையாளர் சேவைக்கு நிறுவனங்கள் பயன்படுத்தும் 'ஜோஹோ டெஸ்க்' என்ற மென்பொருள் இங்கேதான் உருவானது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் இருந்த வேம்பு, 2019-ல் மத்தளம்பாறைக்கே குடிவந்தார். 2021-ல் பத்மஸ்ரீ. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டு, தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்புக்கு மாறினார்.

எனவே அவர் சொல்வதை ஒரு தொழிலதிபர் தன் சரக்கை விற்கும் பேச்சாகவும் கேட்கலாம், நிரல் எழுதும் வேலையை உள்ளிருந்து அறிந்த பொறியாளரின் கருத்தாகவும் கேட்கலாம். இரண்டு காதையும் திறந்து வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

புரோட்டாக் கடை உதாரணம்

செங்கோட்டை போகும் வழியில் உள்ள பிரானூர் பார்டர், புரோட்டாவுக்குப் பேர் போனது. அங்கே ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம்.

கடை முதலாளி உள்ளூர்க்காரர் என்றால் அது 'நம்ம ஊர் கடை'. காசு ஊரிலேயே சுற்றும். ஏதாவது பிரச்சினை என்றால் நேரில் போய்க் கேட்கலாம். ஆனால் சால்னாவில் என்ன போடுகிறார் என்று அவர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

சால்னாவின் பக்குவத்தை அளவோடு எழுதி வாசலில் ஒட்டி, 'யார் வேண்டுமானாலும் இதே மாதிரி செய்துகொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம்' என்று சொன்னால் அது ஓப்பன் சோர்ஸ், அதாவது திறமூலம். முதலாளி எந்த ஊர்க்காரர் என்பது இங்கே முக்கியம் இல்லை. கடையே மூடினாலும் சால்னா அழியாது.

மூன்றாவது விஷயம் தூக்குவாளி. எந்தக் கடைக்கும் நம் வீட்டு வாளியைக் கொண்டுபோய் பார்சல் வாங்க முடிகிறது. 'எங்க கடை வாளியிலதான் ஊத்துவோம்' என்று யாரும் சொல்வதில்லை. இதுதான் பொது விதி. கணினித் துறையில் இதை நெறிமுறை, புரோட்டோகால் என்பார்கள். பக்குவம் ரகசியமாகவே இருக்கட்டும். வாளி எல்லாக் கடைக்கும் பொருந்தினால் போதும், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்ம ஊர் செயலி: எதற்கு உதவும், எதற்கு உதவாது?

உள்ளூர் மென்பொருள் எதற்குத் தேவை என்பதற்கு நல்ல உதாரணம் 2025 ஜூலையில் நடந்தது. குஜராத்தில் வாடிநார் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி, ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்திருக்கும் இந்திய நிறுவனம். அதன்மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. சில நாள்களில் மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை அந்த நிறுவனத்துக்கு நிறுத்தியது. காசு கட்டி வாங்கிய இமெயிலும் கோப்புகளும் ஊழியர்களுக்கு எட்டாமல் போயின. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு சேவை திரும்பியது.

நயாரா இந்தியச் சட்டம் எதையும் மீறியதாக இந்த வழக்கில் பேச்சு இல்லை. எங்கோ எடுக்கப்பட்ட முடிவில் இங்கே இமெயில் நின்றுபோனது. 'மென்பொருளின் சுவிட்ச் யார் கையில்?' என்ற கேள்வி அரசு வட்டாரத்திலும் சூடானது இதற்குப் பிறகுதான். அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், தான் ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தார். சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் இமெயில் ஜோஹோ தளத்துக்கு மாறிய செய்தியும் வெளிவந்தது. அரட்டையில் புதிதாகச் சேர்வோர் நாளுக்கு 3,000 என்ற நிலையில் இருந்து மூன்றே நாளில் 3.5 லட்சம் ஆனதாக வேம்பு பதிவிட்டார்.

சரி, உள்ளூர் என்றால் மட்டும் கவலை இல்லையா? இந்தியாவிலேயே வளர்ந்த ஹைக் மெசஞ்சர் 2021 ஜனவரியில் மூடப்பட்டது. ட்விட்டருக்கு மாற்று என்று கொண்டாடப்பட்ட கூ 2024 ஜூலையில் மூடப்பட்டது. இரண்டும் நம்ம ஊர் செயலிகள்தான். அவற்றில் சேர்த்த நண்பர் வட்டத்தையும் பின்தொடர்பவர்களையும் அப்படியே வேறு செயலிக்குத் தூக்கிப் போக வழி இல்லை. கடை உள்ளூர்தான், ஆனால் ஷட்டர் இறங்கினால் வாடிக்கையாளர் தெருவில்தான்.

பாதுகாப்பிலும் இதே கதை. 2025 செப்டம்பரில் அரட்டைக்குக் கூட்டம் பாய்ந்தபோது, அதில் அழைப்புகளுக்கு மட்டுமே எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் இருந்தது. அதாவது அனுப்புபவர், பெறுபவர் இருவரைத் தவிர நிறுவனத்தாலும் கேட்க முடியாத பாதுகாப்பு. எழுதி அனுப்பும் மெசேஜ்களுக்கு அது அப்போது இல்லை. விமர்சனம் எழுந்தது; பிறகு சேர்த்தார்கள். ஊர்ப் பாசம் இந்தக் குறையைக் கண்டுபிடிக்கவில்லை. கேள்வி கேட்டவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

ஓப்பன் சோர்ஸ்: நம் காலடியில் இருக்கும் அடித்தளம்

ஜோஹோ எந்த நாட்டு சர்வரில் ஓடுகிறது என்ற சர்ச்சை அதே நேரத்தில் கிளம்பியது. வேம்பு விளக்கம் கொடுத்தார். இந்திய வாடிக்கையாளர்களின் தரவு இந்தியாவில் இருக்கிறது, அதற்கான கட்டமைப்பு தங்களுடையது என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: அந்தக் கட்டமைப்பு லினக்ஸ் இயங்குதளம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களின் மேல் கட்டப்பட்டது.

பலர் கடந்துபோன இந்த வரிதான் மிக முக்கியமானது. தென்காசியில் இருந்து உலகத்துக்கு மென்பொருள் விற்க முடிந்ததற்கு ஒரு காரணம், யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அடித்தளம் ஏற்கெனவே இருந்தது.

லினக்ஸ் 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது. அதற்கு முன்பே, 1983-ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'மென்பொருளைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் பயனாளருக்கு உரிமை வேண்டும்' என்று க்னூ திட்டத்தை அறிவித்திருந்தார். போஸ்ட்கிரெஸ், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1980-களில் ஓர் ஆராய்ச்சியாகப் பிறந்தது. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் உள்ளே இருக்கும் கெர்னல் லினக்ஸ்தான். ஜோஹோவின் 'உலா' பிரவுசரும் கூகுள் முன்னெடுக்கும் குரோமியம் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் மேல்தான் கட்டப்பட்டது.

ஆக, முழுக்க முழுக்க ஒரே நாட்டில், ஒரே நிறுவனத்தில் பிறந்த மென்பொருள் என்று இன்று எதையும் காட்டுவது கடினம். திறமூலத்தின் பலமே அதுதான். எந்த நாட்டுக்காரர் எழுதியிருந்தாலும், நம் கைக்கு வந்த நிரலைத் திரும்பப் பறித்துக்கொள்ள அவரால் முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஓப்பன் சோர்ஸின் மேல் கட்டப்பட்டது வேறு, ஓப்பன் சோர்ஸாகவே இருப்பது வேறு. ஜோஹோ முதல் வகை. அதன் வணிகச் செயலிகளின் மூல நிரலை வெளியார் எடுத்து, தங்கள் சர்வரில் போட்டு ஓட்ட முடியாது. இரண்டாம் வகைக்கும் இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. மும்பையில் ருஷப் மேத்தா தொடங்கிய ஈஆர்பிநெக்ஸ்ட், கணக்கு வழக்கு முதல் சரக்கு இருப்பு வரை பார்க்கும் மென்பொருள். அதன் நிரல் முழுவதும் திறந்தே இருக்கிறது. அவர்களிடமே காசு கொடுத்துச் சேவையாக வாங்கலாம். வேண்டாம் என்றால் நாமே நிறுவிக்கொள்ளலாம். இரண்டு வகையும் சட்டப்படி சரியான தொழில்தான். வாங்குபவருக்குத் தான் எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

'இலவசம்' என்றால் யாரோ உழைக்கிறார்கள்

திறந்திருந்தால் போதும், எல்லாம் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள்.

கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்இசட்' என்ற சின்ன நிரல், உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பராமரித்தது பெரும்பாலும் ஒரே ஒரு தன்னார்வலர். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்கதவை அதில் ஒளித்து வைத்தார்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். மைக்ரோசாஃப்ட் ஊழியர், போஸ்ட்கிரெஸை உருவாக்குபவர்களில் ஒருவர். தன் சோதனைக் கணினியில் லாகின் ஆக ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதில் விஷயம் வெளியே வந்தது. நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. அதே நேரம், உலகமே நம்பியிருந்த ஒரு நிரலுக்கு ஒரே ஒருவர்தான் காவல் என்ற உண்மையும் அம்பலமானது.

அந்த உழைப்புக்கு யார் கூலி கொடுப்பது? 2024 அக்டோபரில் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா, உலகெங்கும் உள்ள திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் கொடுக்கும் நிதியை அறிவித்தது. திறமூலத்தின் மேல் தொழில் கட்டிய மற்ற நிறுவனங்களிடமும், தென்காசி உட்பட, இந்தக் கேள்வியைக் கேட்பதில் தவறில்லை: எடுத்துக்கொண்டதில் எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறீர்கள்?

அரசுகளுக்கும் பாடம் இருக்கிறது. அரசுத் துறைகள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மத்திய அரசு 2015-லேயே கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே லினக்ஸுக்கு மாறும் முயற்சியில் இறங்கியது. ஆனால் அந்த வேகம் நீடிக்கவில்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு கணவாய் வழியாக மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் கேரளா. அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிகளில் 'கைட்' நிறுவனம் தயாரித்துத் தரும் லினக்ஸ்தான் ஓடுகிறது. ஆசிரியர்களுக்கும் அதிலேயே பயிற்சி. அங்கே ஒரு ஆணையோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் மென்பொருளைப் புதுப்பிக்க, பழுது பார்க்க, கற்றுத்தர ஆள் வைத்தார்கள். நீடித்ததற்குக் காரணம் அதுதான்.

பொது விதி: ரம்புட்டான் வண்டி ரகசியம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பணம் போகிறது, மெசேஜ் ஏன் போகவில்லை?

யூபிஐ 2016-ல் வந்தது. தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ ஒரு பொது விதியை வகுத்து, 'இந்த விளையாட்டில் சேர்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேச வேண்டும்' என்றது. வங்கிகளும் செயலிகளும் ஒத்துக்கொண்டன. விளைவு, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது.

கவனியுங்கள்: யூபிஐ ஓப்பன் சோர்ஸ் இல்லை. நாம் பயன்படுத்தும் செயலிகளில் பெரியவை உள்ளூர் நிறுவனங்களுடையவையும் இல்லை. கூகுள் பே அமெரிக்க நிறுவனத்துடையது, போன்பேயில் பெரும் பங்கு வால்மார்ட்டுடையது. இந்த இரண்டு செயலிகள் வழியாகத்தான் பெரும்பாலான பரிவர்த்தனை நடக்கிறது. ஆனாலும் நாளைக்கே ஒன்றைத் தூக்கிவிட்டு வேறு செயலி போட்டால் உங்கள் வங்கிக் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. பால்காரரிடமும் வீட்டு உரிமையாளரிடமும் 'நான் ஆப் மாத்திட்டேன், நீங்களும் மாத்துங்க' என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியேறும் கதவு திறந்திருக்கிறது. அதுதான் பொது விதியின் லாபம்.

இமெயிலும் இப்படித்தான். அதை அனுப்பும் விதி 1982-லேயே எழுதி வெளியிடப்பட்டது. அதனால்தான் ஜிமெயிலில் இருந்து ஜோஹோ மெயிலுக்குக் கடிதம் போகிறது.

மெசேஜ் செயலிகளில் அப்படி ஒரு விதியை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல. உங்கள் மொத்தக் குடும்பமும் ஒரே செயலியில் இருப்பதே அந்த நிறுவனத்தின் பெரிய சொத்து. கதவைத் திறக்க அவர்களுக்கு என்ன அவசரம்? ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டுத்தான் திறக்க வைத்தது. அதன் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், வாட்ஸ்அப் போன்ற பெரிய செயலிகள் கேட்டு வரும் மற்ற செயலிகளோடு பேச வேண்டும் என்கிறது. இதில் உண்மையான சிக்கலும் உண்டு. இரண்டு நிறுவனங்களின் செயலிகளுக்கு இடையே என்கிரிப்ஷன் உடையாமல் மெசேஜ் போக வேண்டும். ஸ்பேம் ஆசாமிகள் புகாமலும் பார்க்க வேண்டும்.

வேம்புவின் யோசனை இந்தப் பின்னணியில்தான் முக்கியமாகிறது. அதே நேரம் சந்தையில் சிறியவராக இருப்பவர் கதவைத் திறக்கச் சொல்வது எளிது என்பதையும் மறக்கக் கூடாது. அரட்டையில் நாளை கோடிக்கணக்கானோர் சேர்ந்த பிறகும் அதே பேச்சு நிலைக்கிறதா, விதி எழுத்தாக வெளியாகிறதா, போட்டிச் செயலிகள் உண்மையிலேயே இணைகின்றனவா என்பதுதான் சோதனை.

நிரல் எழுதும் வேலை என்ன ஆகும்?

ஐடி வேலையில் இருப்பவர்களைத் தூங்கவிடாத கேள்வி வேறு: ஏஐ நம் வேலையை எடுத்துக்கொள்ளுமா?

2025-ல் இதைப் பற்றி வேம்பு சொன்னது பலரைச் சுட்டது. 90 சதவீத நிரலை ஏஐ எழுதும் என்று சொன்னால் தான் ஒத்துக்கொள்வேன், ஏனென்றால் புரோகிராமர்கள் எழுதுவதில் 90 சதவீதம் திரும்பத் திரும்ப எழுதும் வார்ப்பு நிரல்தான் என்றார். ஆசிரியர், சிவில், மெக்கானிக்கல் பொறியாளர்களைவிட மென்பொருள் பொறியாளருக்கு அதிகச் சம்பளம் என்பது பிறப்புரிமை அல்ல என்றும் எச்சரித்தார்.

அவர் சுட்டிக்காட்டியது ஒரு பழைய கருத்தை. ஃபிரெட் புரூக்ஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர், 1986-ல் எழுதிய கட்டுரையில் மென்பொருளின் சிக்கலை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பிரச்சினையிலேயே இருக்கும் சிக்கல். இன்னொன்று, நம் கருவிகளால் தற்செயலாக வந்து ஒட்டிக்கொள்ளும் சிக்கல்.

தென்காசி மாவட்டத்திலேயே உதாரணம் சொல்லலாம். புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு கமிஷன் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லாகின் பக்கம், பெயர் நிரப்பும் படிவம், தரவுத்தளத்தில் சேமிப்பது, பிடிஎஃப் எடுப்பது எல்லாம் எந்தக் கடைக்கும் ஒன்றுதான். இதை ஏஐ நிமிடங்களில் எழுதித் தரும்.

ஆனால் காய் ரகம் பிரிப்பது எப்படி? அழுகல் கழிவு எவ்வளவு பிடிப்பது? விவசாயி முன்பணமாக வாங்கியதை எந்த பில்லில் கழிப்பது? ஏலத்தில் விலை விழுந்த நாளில் யாருக்கு என்ன சலுகை? இது பிரச்சினையிலேயே இருக்கும் சிக்கல். கடையில் உட்கார்ந்து, காது கொடுத்துக் கேட்டால்தான் பிடிபடும். இந்தப் பகுதி தெரிந்தவருக்கு ஏஐ ஒரு நல்ல கையாள். முதல் பகுதி மட்டுமே தெரிந்தவருக்குத்தான் ஏஐ போட்டியாளர்.

பெரிய நகரத்துக்குப் போகாமல், ஊரில் இருந்தபடி உலகத்துக்கு மென்பொருள் செய்யலாம் என்ற ஜோஹோவின் வாதத்துக்கும் இதில் பங்கு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பழக்கும் ஜோஹோ ஸ்கூல்ஸ் இருபது ஆண்டுகளாக நடக்கிறது. தென்காசியிலும் அது இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் வெற்றியை வைத்து எல்லா ஊரிலும் இது நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நிரல் எழுதப் பட்டமும் பெருநகரமும் கட்டாயம் இல்லை என்பதற்கு இது ஓர் ஆதாரம்.

கல்லூரி மாணவர்களுக்குத் திறமூலம் இங்கேதான் கைகொடுக்கிறது. நல்ல பொறியாளர்கள் எழுதிய உண்மையான நிரலைக் காசு கொடுக்காமல் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். ஏற்றுக்கொள்ளப்பட்டால் அது உங்கள் பெயரில் பொதுவெளியில் நிற்கும். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் தமிழில் தொடங்கலாம். 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. லிப்ரேஆபிஸ் போன்ற மென்பொருள்கள் தமிழில் கிடைப்பதும் தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்பால்தான்.

அடுத்த முறை ஒரு செயலி போடும் முன்…

சரி, இவ்வளவையும் வைத்து சாதாரணப் பயனாளர் என்ன செய்வது? எந்தச் செயலியிடமும் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

1. நிறுத்தும் சுவிட்ச் யார் கையில்? நிறுவனம் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது? தரவு எங்கே இருக்கிறது? தொழிலுக்குப் பயன்படுத்துபவர்கள் இதை முதலில் கேட்க வேண்டும். உள்ளூர் மென்பொருளுக்கு இங்கே மதிப்பெண் அதிகம்.

2. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியார் பார்க்க முடியுமா? எல்லோருக்கும் நிரல் படிக்கத் தெரியாது. ஆனால் படிக்கத் தெரிந்த நாலு பேர் பார்க்க முடிகிற செயலிக்கும், யாருமே பார்க்க முடியாத செயலிக்கும் வித்தியாசம் உண்டு. சிக்னல் செயலியின் நிரல் திறந்திருக்கிறது. வாட்ஸ்அப், அரட்டையின் நிரல் அப்படி இல்லை. எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் எதற்கெல்லாம் இருக்கிறது என்றும் பாருங்கள்: மெசேஜுக்கா, அழைப்புக்கா, குழுவுக்கா, பேக்கப்புக்கா?

3. நாளைக்கே வெளியேறினால் எதையெல்லாம் எடுத்துப்போக முடியும்? படங்கள், கடிதங்கள், கணக்குகளை மற்ற மென்பொருள்களும் படிக்கும் வடிவில் தரவிறக்க முடியுமா? கூகுளில் 'டேக்அவுட்' என்ற வசதி இருக்கிறது. உங்கள் அலுவலகக் கணக்கு மென்பொருளிலும் 'எக்ஸ்போர்ட்' என்ற பொத்தான் எங்கே என்று தேடிப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒரு நகலைத் தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைப்பது நல்லது.

மூன்றுக்கும் முழு மதிப்பெண் வாங்கும் செயலி அபூர்வம். குடும்பக் குழுவுக்கு ஒன்று, கடைக் கணக்குக்கு ஒன்று, வங்கி விஷயத்துக்கு ஒன்று என்று தேவைக்கேற்ப எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அதிகம் பயன்படுத்தும் செயலியில் தொடங்கி, அதன் செட்டிங்ஸுக்குள் போய் அந்த எக்ஸ்போர்ட் பொத்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.